திகதி மறவாத ஏடு

நோய் வந்தால் உடம்பே நினைவூட்டும். சுகமாக விளையாடும் குழந்தைக்கு அந்த நினைவூட்டல் இல்லை. தடுப்பூசி தவறுவது பெரும்பாலும் இதனாலேயே. தாயின் அசட்டை என்று பழிப்பது எளிது.

குறிஞ்சாக்கேணியிலும், இலங்கையின் ஏனைய ஊர்களிற் போலவே, சின்னமுத்துத் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறையும், மூன்று வயதில் மறுமுறையும் இடப்படுகிறது. இடைவெளி நீண்டது. அதற்குள் இன்னொரு மகவும் தொட்டிலுக்கு வந்துவிடலாம்! முதற்பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு பெட்டிக்குள் உறங்கும். 2019இல் இலங்கையில் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்த சின்னமுத்து, 2023இல் மீண்டும் தலைகாட்டியது.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்தவர் மருத்துவமாது. கிளினிக்குக்கு வராத பிள்ளையின் பெயரைத் தம் ஏட்டிற் கண்டு, அவர் வீட்டுப் படலையைத் தட்டுகிறார்; வரவேண்டிய நாளைத் தாயிடம் நேரிற் சொல்லிச் செல்கிறார்.