மண்ணில் இருப்பதும் பயிருக்கு எட்டுவதும்

பாஸ்போபாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து தூவும் விவசாயிக்கு ஒன்று தெரியும்: மண்ணில் மணிச்சத்து எவ்வளவு கிடந்தாலும், கரையாமல் முடங்கியிருந்தால் பயிருக்குப் பயனில்லை. இருப்பது வேறு, எட்டுவது வேறு. சத்துக்கான இந்தக் கணக்கு நஞ்சுக்கும் பொருந்தும். ஆனால் விளைநிலத்தில் காட்மியமோ ஈயமோ எவ்வளவு என்று கேட்டால், ஆய்வுக்கூடம் மண்ணைச் சூடான அமிலத்தில் கரைத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று மொத்த அளவைத்தான் சொல்கிறது. வேரிடம் அப்படிப்பட்ட அமிலம் கிடையாது.

மொத்த அளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நெல்வயலே சாட்சி. ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகையில், காமியோகா சுரங்கக் கழிவின் காட்மியம் பாசன நீர் வழியாக அரிசிக்குள் ஏறியது. அதைத் தின்றவர்களின் எலும்புகள் முறிந்தன. வலியில் எழுந்த கூக்குரலே ‘இட்டாய்-இட்டாய்’ என்று நோயின் பெயரானது. 1968இல்தான் ஜப்பானிய அரசு காரணத்தை ஏற்றுக்கொண்டது. நீர் கட்டி நிற்கும் வயலில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். நீரை வடித்து மண்ணில் காற்றுப் புகுந்தால் மீண்டும் அவிழ்ந்து வேருக்கு எட்டும். வயலும் மொத்த அளவும் மாறவில்லை, அரிசியின் கதி மட்டும் மாறுகிறது. அதனால்தான் ஜப்பானில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரங்கள் நீர் குறையாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் கேள்வியை ஓர் உயிரிடமே கேட்பதுதான் முறை. 1976இல் பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில், ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் உலோகத்துக்கு அஞ்சாத பாக்டீரியா ஒன்று கிடைத்தது. சிஎச்34 என்று பெயரிட்டார்கள். இத்தகைய பாக்டீரியாக்களில், உள்ளே நுழையும் உலோகத்தை அடையாளம் கண்டு அதை வெளியேற்றும் மரபணுக்களை முடுக்கிவிடும் ஏற்பாடு உண்டு. அந்த விசையோடு மின்மினியின் அல்லது ஒளிரும் கடல் பாக்டீரியாவின் ஒளி மரபணுவை இணைத்துவிட்டால், உலோகம் செல்லுக்குள் புகும்போது வெளிச்சம் வரும். மண் கரைசலில் பாக்டீரியாவை விட்டு, சில மணி நேரம் கழித்து இருட்டறைக் கருவியில் குழாயை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் எண்ணாக வரும். வட பிரான்சின் உலோக ஆலைகளைச் சுற்றியுள்ள மண்ணை எஸ்தோனிய ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. மண்ணை நீரில் கலக்கி வடித்த தெளிவில் கிடைத்ததைவிட, மண் துகளோடு நேரே ஒட்டியிருந்த பாக்டீரியாவுக்குப் பல மடங்கு உலோகம் எட்டியது. வடிநீரை மட்டும் பார்த்துவிட்டு நிலம் நல்லது என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கலங்கல் வெளிச்சத்தை மறைக்காதா, நஞ்சு மிகுந்தால் பாக்டீரியாவே செத்துப்போகாதா என்று கேட்கலாம். உண்மைதான், அதற்காகவே எப்போதும் ஒளிரும் இன்னொரு பாக்டீரியாவை அதே மண்ணில் விட்டு, அதன் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் ஒன்றாகவே ஒளிரும் வகைகள் இருப்பதால் ரசாயனப் பகுப்பாய்வையும் கைவிட முடியாது. பாக்டீரியா நெல் ஆகாது என்பதே வலுவான மறுப்பு. நெல்மணியில் இத்தனை மில்லிகிராம் ஏறும் என்று அது சொல்லாதுதான். ஆனால், ஒரு போகம் காத்திருக்காமல், நூறு வயல்களில் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்த அது உதவும்.

இன்னொரு குறை என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஒளி எழ ஆக்சிஜன் வேண்டும். நீர் கட்டிய வயலின் சேற்றிலோ ஆக்சிஜன் இல்லை. காற்றுப்பட்ட மண்ணைத்தான் இந்தப் பாக்டீரியாவால் படிக்க முடியும். ஆனால் நெல்லுக்கு ஆபத்து வருவதும் அந்த நிலையில்தான். நீரை வடித்தால் இந்த மண் எவ்வளவு காட்மியத்தை அவிழ்க்கும் என்பதை, வாய்க்கால் மடையைத் திறப்பதற்கு முன்பே விவசாயி தெரிந்துகொள்ளலாம்.