கழிவுநீரிலிருந்து மின்னாற்றல்: நுண்ணுயிர் எரிபொருள் கலமும் திசையன்விளை வட்டாரத்தின் தேவையும்

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள திசையன்விளை, மின்னாக்கத்திற்குப் பெயர்பெற்ற நிலப்பரப்பில் அமைந்துள்ளது. சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிறைந்துள்ளன. அருகிலுள்ள கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுடைய இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. இங்கு அரிதாக இருப்பது நீரே ஆகும். தாமிரபரணியின் உபரி வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளை ஆகிய வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுவரும் ஆற்று இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. இத்தகைய வட்டாரத்தில், கழிவுநீரிலிருந்து மின்னாற்றல் பெறும் நுண்ணுயிர் எரிபொருள் கலத்தின் பயனை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கலம் இயங்கும் முறை

இக்கலத்தில் ஆனோடு, கேத்தோடு என இரு மின்வாய்கள் உள்ளன. ஆக்சிஜன் இல்லாத ஆனோடுப் பகுதியில் கழிவுநீர் நிரப்பப்படுகிறது. அங்கு வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கரிமப் பொருள்களைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் வெளிப்படுகின்றன. எலக்ட்ரான்கள் ஆனோடிலிருந்து வெளிச்சுற்று வழியாகக் கேத்தோடை அடைகின்றன. இவ்வோட்டமே மின்னோட்டம் ஆகும். கரைசல் வழியே வரும் புரோட்டான்கள் கேத்தோடில் ஆக்சிஜனுடனும் எலக்ட்ரான்களுடனும் இணைந்து நீராகின்றன. ஆகவே, மின்னாக்கமும் கழிவுநீர்த் தூய்மிப்பும் ஒரே வினையின் இரு விளைவுகளாகும்.

ஆய்வு வளர்ச்சி

நுண்ணுயிர்களால் மின்னோட்டம் உண்டாதலை 1911இல் இங்கிலாந்தின் தாவரவியலறிஞர் பாட்டர் விளக்கினார். 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டு, மின்வாய்ப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 26 மில்லிவாட் வரை பெற்றனர். அதே ஆய்வில் வேதி ஆக்சிஜன் தேவை 80 விழுக்காடு வரை குறைந்தது. 2015இல் பிரிஸ்டலில் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் சிறுநீரால் இயங்கும் கலங்களைக் கொண்டு கழிப்பறை ஒன்றில் விளக்கெரியச் செய்தது.

திறனும் வரம்பும்

2004ஆம் ஆண்டு ஆய்வின் அளவைக் கொண்டு கணக்கிட்டால், 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரிக்க ஏறத்தாழ 346 சதுர மீட்டர் மின்வாய்ப் பரப்பு தேவைப்படும். பின்வந்த ஆய்வுக்கூடக் கலங்கள் இதனினும் பன்மடங்கு திறன் காட்டியுள்ளன. எனினும் கலத்தைப் பெரிதாக்கும்போது அகமின்தடை மிகுந்து திறன் குறைகிறது. எனவே, காற்றாலைகளுக்கு நிகரான மின் மூலமாக இதனைக் கருத இயலாது.

தூய்மிப்பு நோக்கில் இதன் மதிப்பு வேறாகிறது. வழக்கமான தூய்மிப்பு நிலையங்களில் மின்செலவின் பெரும்பகுதி கழிவுநீருக்குக் காற்றூட்டுவதற்கே ஆகிறது. காற்று நேரடியாகப் படும் கேத்தோடு கொண்ட கலத்தில் இச்செலவு தவிர்க்கப்படுகிறது. கசடும் குறைவாகவே சேர்கிறது. ஆயினும் வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகளும் நைட்ரஜன் சேர்மங்களும் எஞ்சக்கூடும் என்பதால், மறுபயன்பாட்டிற்கு முன் அடுத்தகட்டத் தூய்மிப்பு இன்றியமையாதது.

முடிவுரை

நுண்ணுயிர் எரிபொருள் கலத்தை அது தரும் மின்னாற்றலால் மட்டும் அளந்தால் அது தோல்வியாகவே தோன்றும். அது மிச்சப்படுத்தும் மின்னாற்றலையும் மீட்டுத்தரும் நீரையும் சேர்த்து அளப்பதே தகும். மின்னாக்கம் மிகுந்தும் நீர்வளம் குறைந்தும் காணப்படும் திசையன்விளை போன்ற ஊர்களுக்கு இவ்வளவுகோலே பொருந்தும்.