உங்களுக்குத் தெரியுமா? மடங்கிய விரலை நிமிர்த்திய வேலூர்

தொழுநோயால் மடங்கிப்போன கையை அறுவை சிகிச்சையால் சீராக்க முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. ஆண்டு 1948.

● செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

● விரலை இயக்கும் நரம்பு செத்துவிட்டால் தசை செயலிழக்கும். பிராண்ட், நன்றாக இயங்கும் வேறொரு தசையின் தசைநாணை எடுத்து விரலில் பொருத்தினார். பயிற்சிக்குப் பின் விரல் மீண்டும் நிமிர்ந்தது.

● தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் புண்ணாகின்றன. அந்தப் புண்தான் விரலைக் குறைக்கிறது. இதை ஊருக்கு உணர்த்தியவரும் அவரே.

● சி.எம்.சி.யின் தொடக்கம் 1900-இல், ஒரே ஒரு படுக்கை. தொடங்கியவர் கிறிஸ்தவ ஊழியரான ஐடா ஸ்கடர். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947-இல் ஆண்களுக்கும் இடம்.

நெருப்பெரிச்சல் ஊராருக்கு ஒரு வார்த்தை: பனியன் கம்பெனியில் டெய்லருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் கைதான் முதல். உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தாலோ, ஊசி குத்தியும் வலிக்காவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய் மருந்து இலவசம். முழுதாகக் குணமாகும்.