சட்டக் கல்லூரிக்கு எந்த பஸ் போகும்?

"எந்த ஊர் தம்பி?"

"ஸ்ரீமதுரை சார்."

"அடடே... மீனாட்சி அம்மன் கோயில் பக்கமா?"

வெளியூரில் படிக்கப் போகும் ஸ்ரீமதுரைப் பையன் எழுதும் முதல் நுழைவுத் தேர்வு இதுதான். "இல்லே சார், இது நீலகிரி ஜில்லா, கூடலூர் பக்கம். எங்க ஊர்ல வைகை கிடையாது. வயல் இருக்கு, வயலுக்கு யானை வரும்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

இரண்டாவது தேர்வு வீட்டில். டிகிரி முடிக்கப் போகும் பையனிடம் "அடுத்து என்னடா?" என்று கேட்பார்கள். பேங்க் பரீட்சை என்றால் ஆசீர்வாதம். குரூப் ஃபோர் என்றால் கூடுதலாக ஒரு தோசை. "லா படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஊர் வம்பெல்லாம் நமக்கெதுக்கு?" என்பார்கள்.

கூடலூர்க்காரர் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. அங்கே வம்பு யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஒரு காலத்தில் கூடலூர் நிலங்கள் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்தன. அதை ஒழிக்க 1969-ல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. யாருக்குப் பட்டா, எது குத்தகை, எது காடு என்ற தகராறு அன்று தொடங்கியது. "நம்ம நிலம் செக்‌ஷன் பதினேழுங்க" என்று பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட அங்கே சட்டப் பிரிவு சொல்வார். கரண்ட் கனெக்‌ஷன் கேட்டு அலைந்து அலைந்து கற்ற சட்டம் அது!

இன்னொரு சங்கதி. இந்தியாவில் எந்த மூலையில் சட்டம் படித்தாலும் கூடலூரைத் தாண்டாமல் பாஸ் செய்ய முடியாது. அந்த 1969-ம் ஆண்டுச் சட்டத்தில் காட்டு நிலங்களைப் பற்றிய பகுதியை 1972-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. அரசு சும்மா இருக்குமா? 1974-ல் முழுச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துப் பூட்டியது. அந்த அட்டவணை ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கும் சட்டத்தைக் கோர்ட் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. 'ஐ.ஆர்.கொயலோ' வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு உள்ளே போன எந்தச் சட்டத்தையும் கோர்ட் பரிசீலிக்கலாம் என்றார்கள்.

அடுத்தது, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு. கூடலூர்ப் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் காடு காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ல் உத்தரவு வந்தது. ஒரு தாலுகாவில் தொடங்கிய வழக்கு நாடு முழுக்க மரம் வெட்டும் கோடாரியைப் பிடித்து நிறுத்தியது.

பி.காம். படிக்கிற நாமெல்லாம் வணிகச் சட்டப் பேப்பரில் லண்டன் புகை உருண்டைக் கம்பெனி வழக்கை மனப்பாடம் செய்கிறோம். பக்கத்து எஸ்டேட் வழக்கைப் பற்றிக் கேட்டால் முழிக்கிறோம்.

சரி, லா காலேஜுக்குத் தயாராவது எப்படி? கோச்சிங் சென்டர் தேடி கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்எல்.பி.க்கு டிகிரி மார்க்கை வைத்துத்தான் இடம். பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்சம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. ஆனால் இது வாசற்படிதான். நாற்காலி போட்டிருக்கும் இடம் ரொம்ப உள்ளே! ஆக, முதல் செமஸ்டரில் எழுதும் மேஜர் பேப்பரே உங்கள் நுழைவுத் தேர்வு. "முதல் வருஷம் ஜாலி, கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்பவர் கடைசி வருஷம் அரியர்ஸைத்தான் பார்ப்பார். டெல்லி பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு மட்டும் தனியாக நுழைவுத் தேர்வு உண்டு.

தபாலில் டிகிரி படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாவது, பிளஸ் டூ முடித்துவிட்டு டிகிரி வாங்கியிருக்க வேண்டும். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து ஓப்பன் யுனிவர்சிட்டியில் வாங்கிய டிகிரி சட்டப் படிப்புக்கு உதவாது. ஆபீஸ் நண்பர்களே, எல்எல்.பி. தபாலில் வராது. பகலில் பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். லீவு லெட்டர் எழுதுமுன் யோசியுங்கள்.

மார்க் தவிர மூன்று வேலைகள். ஒன்று, காலேஜ் லீவு நாளில் கூடலூர் கோர்ட்டில் போய் அமைதியாக உட்காருங்கள். விசாரணையைப் பார்க்க டிக்கெட் கிடையாது. சினிமா வக்கீல் மாதிரி யாரும் மேஜையைத் தட்ட மாட்டார்கள், வாய்தாதான் வாங்குவார்கள். அதுவும் பாடம்தான். இரண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாணவர்களும் தன்னார்வலராகச் சேரலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்த மாதிரி. மூன்று, இரண்டு மொழியையும் கூர் தீட்டுங்கள். கீழ்க் கோர்ட்டில் தமிழ் போதும். ஹைகோர்ட் இங்கிலீஷில் பேசும்.

பணம்? அரசுக் கல்லூரிக் கட்டணத்தைத் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டாலே பாதி பயம் போய்விடும். முன்பெல்லாம் படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணியர் காலனிப் பிள்ளைக்கும் கறுப்புக் கோட்டு எட்டும் தூரம்தான்.

முதல் பாடப் புத்தகத்தைக் கடையில் தேட வேண்டாம். பரண் மேல் தாத்தாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. குத்தகைச் சீட்டு, நோட்டீஸ், யாரோ எழுதிக் கொடுத்த மனு, கீழே தாத்தாவின் கைநாட்டு. காசு கொடுத்து அடுத்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட காகிதங்கள் அவை. அதை வீட்டிலேயே ஒருவர் உரக்கப் படித்து, "இதுக்கு அர்த்தம் இதுதான் பாட்டி" என்று சொல்லும் நாள் வந்தால், "ஊர் வம்பு எதுக்கு?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னும் ஒரு தோசைகூடக் கிடைக்கும்!