கைக்கு இசைந்த பேனா

புடவை எடுப்பதென்றால் ஐந்து கடை ஏறி இறங்குகிறோம். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். ஆனால் பேனா வாங்கும்போது மட்டும், "ஒன்று கொடுங்கள்" என்று கையை நீட்டி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாள்தோறும் பல மணி நேரம் விரலோடு ஒட்டியிருந்து உழைக்கப் போகும் கருவி அல்லவா அது?

சிவகாசிக்கு அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற சீமை இது. பட்டாசு ஆலையில் மருந்தின் வரவு, செலவு, இருப்பு யாவும் கணக்கில் ஏற வேண்டும். உரிமத்தில் கண்ட அளவுக்கு மேல் வைத்திருக்கலாகாது. அந்தக் கணக்கில் 3 என்ற இலக்கம் மை அப்பி 8 என்று தோன்றினால் விளைவு விளையாட்டாக இராது. பள்ளிக்கூடத்திலோ, மூன்று மணி நேரப் பரீட்சையில் இரண்டாம் மணியிலேயே விரல் மரத்துப்போய், விடை தெரிந்தும் எழுத மாட்டாமல் தவிக்கும் பிள்ளைகளை உபாத்தியாயர்களாகிய நாம் கண்டுவருகிறோம். "கையெழுத்து மோசம்" என்று அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், கையில் இருப்பது என்ன பேனா என்று பார்ப்பது நியாயம்.

தமிழுக்கு ஏன் மெல்லிய முனை?

நம் எழுத்துக்கள் சுழியால் ஆனவை. 'ன' என்பதற்கு இரண்டு சுழி, 'ண' என்பதற்கு மூன்று. 'ணை' என்று எழுதினால் சிறிய இடத்துக்குள் எத்தனை வளைவுகள்! மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி வேறு. தடித்த முனையால் சிறிதாக எழுதினால் சுழிகளின் கண் அடைந்துபோகிறது. 'ண' எது, 'ன' எது என்று தெரிவதில்லை. பனையோலையில் இரும்பு எழுத்தாணியால் கீறிய நாளில், ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியே இடாமல் விட்டார்கள். காகிதம் வந்த பின் அந்தக் கஷ்டம் நமக்கு இல்லை. ஆகவே சுழியும் புள்ளியும் தெளிவாக விழும் மெல்லிய முனையே தமிழுக்கு ஏற்றது.

ஆயினும் மெல்லியது என்பதால் ஊசிபோன்றதைத் தேடுவதும் தவறு. மிகக் கூரிய முனை காகிதத்தின் நாரைக் கிளறும்; எழுதும்போது கரகரவென்று கைக்கு எரிச்சல் உண்டாக்கும். மென்மையும் வழுக்கும் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்று வகை

பால்பாயிண்ட் பேனாவை உருவாக்கி 1938-ல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ. நுனியில் ஒரு சிறு குண்டு. அதன் பின்னே குழம்பு போன்ற எண்ணெய் மை. அழுத்தினால்தான் குண்டு நன்றாய் உருளும். விலை மலிவு, மை ஒழுகாது, சீக்கிரம் உலரும். ஆனால் அழுத்த வேண்டியிருப்பதால் நீண்ட எழுத்துக்குக் கை களைக்கும்.

ஜெல் பேனா 1984-ல் ஜப்பானில் பிறந்தது. இதன் மை தண்ணீரில் கரைத்தது. குண்டு உருளும்போது இளகி எளிதில் இறங்கும். அழுத்தம் சொற்பமே போதும். பேனாமேல் 0.5, 0.7 என்று போட்டிருப்பது குண்டின் குறுக்களவு, மில்லிமீட்டர் கணக்கில். கோடு அதனினும் மெல்லியதாகவே விழும். தமிழெழுத 0.5 பொதுவாக நன்று; அது கரகரத்தால் 0.7 எடுக்கலாம். மை உலரச் சற்று நேரம் பிடிக்கும். இடக்கையால் எழுதும் குழந்தைக்கு, எழுதிய வரிமேல் கை உரசி மை இழுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, நம் பழைய சிநேகிதன் ஊற்றுப்பேனா. தன் எடையே போதும், அழுத்தவே வேண்டாம். இத்துறையில் நம் நாட்டார் கைத்திறனுக்கு ஒரு சரித்திரமே உண்டு. ராஜமகேந்திரவரம் கே. வி. ரத்னம் தாம் செய்த ஊற்றுப்பேனாவை, தமிழரான ஜே. சி. குமரப்பா மூலம் மகாத்மா காந்திக்கு அனுப்பினார். அதை உபயோகித்துப் பார்த்த காந்தியடிகள், கடைகளில் காணும் அன்னியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் நன்றிக் கடிதம் எழுதினார். அன்பளிப்பென்று புகழாமல், எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. நம் திருவள்ளூரிலும் ரங்கா பேனாக்களை எபோனைட் என்னும் கெட்டி ரப்பரிலிருந்து கையால் கடைந்து செய்து வந்திருக்கிறார்கள்.

உடலும் காகிதமும்

முனை நன்றாயிருந்து உடல் பொருந்தாவிட்டால் பயனில்லை. மிக ஒல்லியான பேனாவை விரல்கள் நெரித்துப் பிடிக்க நேரும். அந்த நெரிப்பே வலிக்குக் காரணம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்வாய்ப் பற்ற, நடுவிரல்மேல் பேனா சாய்ந்து கிடக்க வேண்டும். மூடியைப் பின்னால் செருகினால் பாரம் பின்புறம் சாயும் பேனாக்களும் உண்டு; மூடியோடும் மூடியின்றியும் எழுதிப் பார்ப்பது நலம்.

காகிதத்தை மறக்கலாகாது. தேசமெங்கும் நோட்டுப்புத்தகமும் நாட்குறிப்பும் அனுப்பும் சிவகாசிக்கு அருகில் இருந்துகொண்டு இதைச் சொல்லவும் வேண்டுமோ? மெல்லிய காகிதத்தில் ஊற்றுப்பேனாவின் மை ஊறி மறுபக்கம் தெரியும். பால்பாயிண்டை அழுத்தினால் அடுத்த பக்கத்திலும் தடம் விழும். எந்த நோட்டில் எழுதப் போகிறோமோ அதிலிருந்து ஒரு தாளைக் கடைக்குக் கொண்டு போனால் பாதி ஐயம் தீரும்.

கடையில் வெறும் வட்டம் கிறுக்குவதாலும், கையொப்பம் போடுவதாலும் ஒன்றும் விளங்காது. "அண்ணன் எண்ணெய் கொண்டுவந்தான்" என்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். சுழிகளின் கண் திறந்திருக்கிறதா? புள்ளி புள்ளியாக நிற்கிறதா? தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் மேடு தட்டாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், பத்து ரூபாய்ப் பேனாவாயினும் அதுவே உத்தமம். இல்லையென்றால் தங்கமுலாம் பூசியதாயினும் வைத்துவிட்டு வரலாம்.

முக்கியமாக, வாங்கும்போது குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். எழுதப் போவது அதன் கை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்தக் கைக்கே உரியது.