பூனை வாய்நீர் வடிப்பதேன்?

நாகபுரியின் மார்கழிக் குளிர் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகச் சில ஆண்டுகள் பிடிக்கும். அத்தகைய இரவுகளில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு அமர்ந்தால், மடியைத் தேடி வந்து படுத்துக்கொள்ளும் ஜீவன் ஒன்று நமது ரயில்வே குடியிருப்பில் இருக்கிறது. பார்சல் ஆபீஸ் மூட்டைகளுக்கிடையே பிறந்த பெட்டைக் குட்டி அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதனைச் சோற்றுப் பையில் வைத்து நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செல்லம்மாள் என்று பெயரிட்டவர் நமது தாயார்.

மடியில் ஏறியதும் செல்லம்மாள் கண்ணை மூடிக்கொள்ளும். தொண்டைக்குள் ‘கொர், கொர்’ என்று பாடும். முன்கால்களால் வேட்டியை மாவு பிசைவதுபோல் பிசையும். சற்று நேரத்தில் வேட்டி நனைந்திருக்கும். வாயோரத்திலிருந்து நீர் துளித்துளியாய் வடிந்துகொண்டிருக்கும். முதன்முறை கண்டபோது ஏதோ நோயென்று அஞ்சினோம். “நோயுமில்லை, ஒன்றுமில்லை, சந்தோஷத்தில் வடிக்கிறதடா” என்றார் தாயார். அவர் சொன்னது சரியே.

குட்டியானது பால் குடிக்கும்போது முன்கால்களால் தாயின் மடியை அழுத்தும். பால் இறங்கும், வாயும் ஊறும். வளர்ந்த பின்னும் சில பூனைகளிடம் இப்பழக்கம் நிலைத்துவிடுகிறது. உடல் தளர்ந்து மனம் அமைதியுறும் வேளையில் உமிழ்நீர் தாராளமாகச் சுரக்கிறது. கிறக்கத்தில் அதனை விழுங்கவும் மறந்துவிடுகிறது. பூனை எழுந்து நடந்தால் நீரும் நின்றுவிடும். இத்தகைய வாய்நீருக்கு ஒரு துணியை மடியில் விரித்துக்கொள்வதே போதிய மருந்து.

ஆனால் இந்த நிம்மதியே சென்ற ஆண்டு நம்மை ஏமாற்றிற்று. ஆடி வெள்ளியன்று தாயார் மல்லிகை தொடுத்து, எஞ்சிய நூலைத் தட்டிலேயே விட்டுச் சென்றார். மறுநாள் செல்லம்மாள் ஒரு மூலையில் அமர்ந்து வாய்நீர் வடித்துக்கொண்டிருந்தது. “அதன் வழக்கம்தானே” என்றிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பாலையும் தொடவில்லை. இருமுறை வாந்தி எடுத்தது. அப்பொழுது நமது எட்டு வயது மகள் அருகில் வந்து, “அப்பா, செல்லம்மாள் நனைக்கிறது; ஆனால் பாடவில்லையே!” என்றாள். நாம் இரண்டு நாளாகக் காணாததைக் குழந்தை கண்டுவிட்டது.

அன்று மாலையே ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் வாயைத் திறந்து நாவை உயர்த்திக் காட்டினார். நாவின் அடியில் நூல் வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. பூனையின் நாவிலுள்ள முட்கள் உட்புறமாகச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு எளிதில் இயலாதாம். நாம் அதனை இழுக்கக் கை நீட்டினோம், அவர் தடுத்தார். இழுத்தால் நூல் ரம்பம்போல் குடலை அறுத்துவிடும் என்றார். அறுவைச் சிகிச்சை செய்து நூலை எடுத்தார். செல்லம்மாள் பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் குடல் கிழிந்திருக்கக்கூடும் என்று அவர் கூறியபோது நமக்கு வியர்த்துவிட்டது.

வாய்நீருக்கு வேறு காரணங்களும் உண்டு. பற்களும் ஈறுகளும் கெட்டுப்போதல் அவற்றுள் முதன்மையானது. நீரில் துர்நாற்றம் அல்லது இரத்தம் கலந்திருத்தல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், முகத்தைக் காலால் தேய்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுநீரகக் கோளாறினால் குமட்டி வடிப்பதும் உண்டு. கசப்பு மருந்து கொடுத்தால் சிறிது நேரம் நுரை தள்ளுவதும், வண்டியில் செல்கையில் வடிப்பதும் தாமே அடங்கும்.

நஞ்சோ அடங்குவதன்று. பினாயில் விட்டுத் துடைத்த ஈரத்தரையில் நடந்து காலை நக்கினாலே பூனைக்குத் தீங்கு நேரலாம். அதன் ஈரலுக்கு அவ்வகை நஞ்சை முறிக்கும் ஆற்றல் குறைவு. இதே காரணத்தால் நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் போக்கக்கூடும். நாய்க்குரிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவலாகாது. அவற்றுட் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் நஞ்சு உண்டு. சேம்பிலையைக் கடித்தாலும், தேரையைக் கவ்வினாலும் நீர் கொட்டும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைத்து நீர் வடித்தால் அது வெப்பத்தாக்கு; நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

யாவற்றினும் கொடியது வெறிநோய். நாய்க்கு மட்டுமன்று, பூனைக்கும் அது வரும். சாதுவான பூனை காரணமின்றிச் சீறினாலோ, குரல் மாறினாலோ, நடை தள்ளாடினாலோ, விழுங்க முடியாமல் வடித்தாலோ, அதன் வாயருகே கையைக் கொண்டு செல்லலாகாது. கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிய பின் மருந்து பயன்படுவது அரிதினும் அரிது. ஆதலின் வளர்க்கும் பூனைக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவைப்பது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் காப்பாகும்.

எனவே வாய்நீரைக் கண்டதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். இது பழைய வழக்கமா, புதிதா? மடியைவிட்டு எழுந்ததும் நிற்கிறதா? பூனை உண்கிறதா? புதிதாய்த் தோன்றி, நில்லாமல் வடிந்து, உணவையும் மறுத்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். ஓரிரு நாள் பட்டினியே பூனையின் ஈரலைக் கெடுக்கத் தொடங்கிவிடும். பருத்த பூனைக்கு இவ்வபாயம் மிகுதி.

தாயார் இப்பொழுது பூத்தொடுத்ததும் எஞ்சிய நூலைச் சுருட்டி டப்பாவில் வைத்து மூடிவிடுகிறார். செல்லம்மாள் வழக்கம்போல் நமது வேட்டியை நனைத்துக்கொண்டிருக்கிறது. நனையும்போதெல்லாம் அது பாடுகிறதா என்று நாம் காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.