மறப்பதற்குச் சற்று முன்னால்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்றுத்தர ஒரு பயிற்சி நிலையமே நடத்துகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அரபு மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற அங்கே போட்டிருக்கும் கணக்கு 88 வாரம். வகுப்பு நேரமாகச் சொன்னால் 2,200 மணி. வேலை, சமையல், பிள்ளைகள் எல்லாம் போக நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் தேறும் என்றால், இதே 2,200 மணி எட்டு ஆண்டுகளாக நீளும்.

வளைகுடா நாடு ஒன்றின் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகத் தயாராகும் செவிலியருக்கு ஒரு தூதரின் அரபு வேண்டியதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பிட்டீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? இவ்வளவில் தொடங்கலாம். அவர் கையில் இருப்பது ஒரு கைபேசியும் அந்த முக்கால் மணி நேரமும். அதை எப்படிப் பங்கு போடுவது என்று யோசிக்கத் தொடங்கினால், நம் நினைவுக்குள் ஓடும் ஓர் அழகான கணக்கு புலப்படும்.

அந்தக் கணக்கை முதலில் தொட்டவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஒரு மாதம் கழித்தோ ஐந்தில் ஒரு பங்கு! அதாவது மறதி தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு தரையோடு தரையாக ஊர்கிறது.

இந்தச் சரிவையே கால அட்டவணையாக மாற்றினார் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக். மாணவராக இருந்தபோது காகிதத்தில் கணக்கு வைத்துப் பார்த்தவர், 1987-இல் அதற்கென ஒரு கணினி நிரலை எழுதினார். ஒரு சொல் மறக்கப்போகும் தறுவாயில் அதை நினைவூட்டினால், அடுத்த முறை மறக்க இன்னும் அதிக நாளாகும். ஆகவே இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். இந்த முறைக்கு ‘இடைவெளி மீள்பார்வை’ என்று பெயர். அவர் வகுத்த விதி எளிமையானது: முதல் பார்வைக்கு மறுநாள் ஒரு முறை, அதற்கு ஆறு நாள் கழித்து ஒரு முறை, அதன்பின் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

பென்சில் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இன்று அறிமுகமாகும் சொல் 1, 7, 22, 60, 154-ஆம் நாள்களில் திரும்ப வரும். ஓராண்டில் ஐந்தே சந்திப்பு. ஆறாவது சந்திப்பு 389-ஆம் நாளில்தான்! நாளுக்குப் பத்துச் சொல் என்று வைத்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு எந்த நாளை எடுத்தாலும் பழைய சொற்கள் ஐம்பதும் புதியவை பத்தும் வரிசையில் நிற்கும். பழைய சொல்லுக்கு எட்டு விநாடி என்றால் ஐம்பதுக்கும் சேர்த்து ஏழு நிமிடம். புதிய சொல்லுக்கு ஒரு நிமிடம் என்றால் பத்து நிமிடம். மறந்து திரும்பி வருபவற்றுக்கு ஐந்து நிமிடம் சேர்த்தாலும் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்டு முடிவில் அறிமுகமாகியிருப்பவை 3,650 சொற்கள். முக்கால் மணி நேரத்தில் பாதிக்குமேல் இன்னும் மிச்சம் இருக்கிறது.

‘ஆங்கி’ போன்ற இலவசச் செயலிகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. 2023 முதல் ஆங்கியில் வந்திருக்கும் புதிய முறை இன்னும் நுட்பமானது. எந்தச் சொல்லை எத்தனை நாளில் மறந்தீர்கள் என்ற உங்கள் சொந்த வரலாற்றைப் படித்து, பத்துக்கு ஒன்பது சொல்லாவது நினைவிருக்கும்படி நாள் குறிக்கிறது. இரண்டு பேர் ஒரே சொல்லை ஒரே நாளில் தொடங்கினாலும், ஒருவருக்கு அது இருபதாம் நாளிலும் மற்றவருக்கு முப்பதாம் நாளிலும் வரலாம். ‘தனக்கேற்ற பாடத்திட்டம்’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான பொருளை நான் கண்டதில்லை.

ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் மறுபக்கம் அரபுச் சொல்லும் கொண்டதுதான் செயலியின் அட்டை. அந்த அட்டையைத் திருப்பும் முன் நடப்பதில்தான் பலன் இருக்கிறது. திரையில் ‘நோயாளி’ என்று வருகிறது. விடையைப் பார்க்க விரல் துடிக்கும். பார்க்கக் கூடாது. நான்கைந்து விநாடி மனத்துக்குள் துழாவி, வாய்விட்டுச் சொல்லி, அதன்பிறகே திருப்ப வேண்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் ஒரு முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. துழாவும் அந்த விநாடிகளே நினைவை வலுவாக்குகின்றன.

இனி அரபு மொழியின் சொந்த அற்புதம். அதன் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யொலிகள் கொண்ட ஒரு வேரிலிருந்து முளைப்பவை. ம-ர-ழ என்பது ஒரு வேர். ‘ரமழான்’ என்பதில் வரும் அதே ழகரம். மரழ் என்றால் நோய். மரீழ், நோயாளி. முமர்ரிழா, செவிலியர். ஒரே முறுக்கு மாவு, அச்சை மாற்ற மாற்ற வேறு வேறு வடிவமாக இறங்குவதுபோல, வேர் அப்படியே நிற்க உயிரொலிகளும் முன்னொட்டும் மாறுகின்றன. அச்சுகளுக்கும் நிலையான பொருள் உண்டு. ‘ம’வில் தொடங்கும் ஓர் அச்சு இடத்தைக் குறிக்கும்: ஸஜ்தா என்னும் சிரவணக்கம் செய்யும் இடம் மஸ்ஜித், தர்ஸ் என்னும் பாடம் நடக்கும் இடம் மதரஸா, சமைக்கும் இடம் மத்பக். மத்பக் என்ற சொல்லை இதற்குமுன் கேட்டிராதவர்கூட, அது ஏதோ ஓர் இடமாக இருக்கலாம் என்று ஊகித்துவிடலாம்.

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் இதை ஒரு கணக்காகவே பார்த்தார். 28 எழுத்துகளில் வெவ்வேறான மூன்றை வரிசைப்படுத்தினால் 19,656 வேர்கள் கிடைக்கும். மூன்று எழுத்துகளை எடுத்து, அவை மாறி நிற்கும் ஆறு வரிசைகளையும் ஒரே இடத்தில் வைத்து, எவை வழக்கில் உள்ளன, எவை இல்லை என்று ஓர் அகராதியில் குறித்தார். எழுத்துகளை அவர் அடுக்கிய முறையும் வியப்பானது: அடித்தொண்டையில் பிறப்பவை முதலில், உதட்டில் பிறப்பவை பின்னால். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இந்த எண்ணம் எவ்வளவு நெருக்கமாகத் தோன்றும்! முதலில் நின்ற எழுத்து ‘ஐன்’. அகராதிக்கே ‘கிதாபுல் ஐன்’ என்று பெயர் வந்தது.

ஒரே வேரின் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அட்டையில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். பொருள் நெருங்கிய சொற்களை ஒரே மூச்சில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, கற்பது மெதுவாகிறது என்று 1990-களின் ஆய்வுகள் காட்டின. மரழ் முதல் வாரம், மரீழ் மூன்றாம் வாரம், முமர்ரிழா அதற்கும் பிறகு. இரண்டு மூன்று சொற்கள் நிலைத்த பின் வேரைச் சுட்டிக்காட்டினால், அந்தக் குடும்பம் தானாகக் கூடிவிடும்.

அடித்தொண்டையின் அந்த ஐன் நம் காதுக்கு வைக்கும் சோதனை கடுமையானது. தமிழில் எழுதினால் வலியும் ‘அலம்’, கொடியும் ‘அலம்’. கொடியைக் குறிப்பது ஐனில் தொடங்குகிறது, வலியைக் குறிப்பது தொடங்கவில்லை, வேறுபாடு அவ்வளவே. இதயமும் நாயும் நம் எழுத்தில் ‘கல்ப்’ என்றே நிற்கும். இதய நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ர-ல வேறுபாட்டைப் பழக்கிய இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் கண்டது இங்கே கைகொடுக்கும்: ஒரே குரலில் பழகியவர்கள் புதிய குரலில் தடுமாறினார்கள், பல குரல்களில் பழகியவர்கள் தாண்டிவிட்டார்கள். ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு ஒலிப்பதிவு போதாது. ஆணும் பெண்ணும் முதியவரும் சொல்லக் கேட்க வேண்டும். ‘ஃபோர்வோ’ போன்ற உச்சரிப்புத் தளங்களில் ஒரே சொல்லைப் பலர் பேசிப் பதிந்திருக்கிறார்கள். தினம் எட்டு நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

எழுத்துக்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம். சொல்லின் முதலில், நடுவில், இறுதியில், தனியே என உருவம் மாறினாலும் தட்டச்சில் ஓர் எழுத்துக்கு ஒரே விசைதான். பக்கத்தில் எது நிற்கிறது என்று பார்த்து உருவத்தைக் கைபேசியே தேர்ந்துகொள்ளும்.

பேச்சுதான் பெரிய முடிவைக் கேட்கிறது. அரபு ஓர் இரட்டை வழக்கு மொழி, அதாவது எழுதுவது ஒன்று, வீட்டில் பேசுவது இன்னொன்று. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று ஓர் ஆணிடம் கேட்க எழுத்து வழக்கில் ‘கைஃப ஹாலுக’. வளைகுடாவில் ‘ஷ்லோனக்’. கெய்ரோவில் ‘இஸ்ஸய்யக்’. நம் செவிலியருக்கு வேண்டியது ஷ்லோனக். வாரம் இருமுறை காணொலியில் பேச ஆசிரியர் தேடும்போது வளைகுடாப் பேச்சு அறிந்தவரையே தேட வேண்டும். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் இருப்பதால், இங்கே இரவு ஒன்பது மணிக்கு அங்கே மாலை ஆறரை.

குர்ஆனின் பொருள் உணர விரும்புபவருக்கோ இந்தத் திட்டம் தலைகீழாகும். பலர் மதரஸாவில் ஓதப் பழகியிருப்பதால் எழுத்தும் ஒலியும் ஏற்கெனவே கைவசம். பேச்சு வழக்கும் வேண்டாம். அந்த நேரம் முழுவதும் இலக்கணத்துக்குப் போகலாம். மதீனாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடமாகி உலகெங்கும் பரவிய மூன்று தொகுதிப் பாடநூல் இதற்கென்றே கிடைக்கிறது. எழுதியவர் வாணியம்பாடியில் பிறந்த முனைவர் வி. அப்துர் ரஹீம்.

இருவருக்கும் பொதுவான திருகு ஒன்றே: நாளுக்கு எத்தனை புதிய சொல். ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 250 பழைய அட்டைகள் குவிந்திருக்கும். அப்போது புதியவற்றை நிறுத்திவிட்டு, நாளுக்கு நூறு அட்டையாகப் பார்த்தால் நிலுவை ஏறக்குறைய ஐந்து நாளில் தீரும். பத்தை ஐந்தாகக் குறைத்தால் புதிய சொல்லுக்கான நேரம் அன்றே பாதியாகும், பழையவற்றின் வரிசையோ மெல்லத்தான் கரையும்; முழுதும் பாதியாக 154 நாள் ஆகும். ஆகவே பயணத்துக்கு முந்தைய மாதங்களில் அட்டைகள் எளிதாக வேண்டும் என்றால், திருகை அரை ஆண்டுக்கு முன்பே திருப்ப வேண்டும். அப்படி மிச்சமாகும் எட்டு ஒன்பது நிமிடத்தில், பணி மாறும்போது ஒரு நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை ஆசிரியரோடு பேசிப் பழகலாம்: பெயர், வலி எங்கே, கடைசியாக மருந்து கொடுத்த நேரம்.